கடைசி வரிசைக்காரர் செய்த பாவ அறிக்கை

தாழ்மை நற்குணங்களுக்கெல்லாம் வேர். வேர் மண்ணுக்குள் மறைந்திருக்கும்வரை மரம் நிற்கும். பிறர் காணவேண்டுமென்று தோண்டிக் காட்டினால் பட்டுப்போகும். அப்படிப் பட்டுப்போன ஒருவரைப் பற்றி, அவரை இகழ்வதற்காக அன்று, நாம் அஞ்சுவதற்காக எழுதுகிறேன்.

அவர் மருத்துவமனைத் தையற்காரர். சலவைக்கூடத்தை ஒட்டிய சன்னலற்ற அறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். படுக்கை விரிப்பின் நைந்த நடுப்பகுதியை வெட்டியெறிந்து, உழைக்காத ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைப்பார். தையல் முதுகில் உறுத்தியதாக எந்த நோயாளியும் முறையிட்டதில்லை.

சபையில் அவருக்குக் ‘கடைசி வரிசை’ என்றே பெயர். முன்னால் வந்து அமரும்படி அழைத்தால், “நான் புழுங்க, தூசிங்க, பாவியிலயும் பெரிய பாவி” என்று கைகூப்புவார்.

“கடைசி வரிசைக்கே கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற ஒரே ஆளு நம்ம மச்சான்தான்!” என்பான் அவர் மனைவியின் தம்பி. எல்லாரும் சிரிப்பார்கள், அவர் சிரிக்கமாட்டார்.

பெரிய பாவி என்று வாரந்தோறும் சொன்னவர், செய்த ஒரு பாவத்தை மட்டும் சொன்னதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தாயின் குழியருகே, கூட்டத்தின் நடுவே தம் அண்ணனைச் சுட்டி, “எட்டு மாசமா எட்டிப் பாக்காதவன் மண்ணு போட மட்டும் வந்துட்டான்” என்றார். அன்று மாலையே மனைவி உண்மையை உடைத்தாள். கொதிகலன் கூடத்தில் இரவு வேலை பார்த்த அண்ணன், ஒரு பழைய மனத்தாங்கலால் தம்பி கண்ணில் படாமல், தம்பி வேலைக்குப் போயிருந்த நண்பகல்தோறும் அவர் வீட்டுக்கு வந்து, படுக்கையிலிருந்த தாயைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் போயிருக்கிறார். தையற்காரர் கேட்டுக்கொண்டார். திருத்தவில்லை. ஊர் அந்தச் சொல்லை அண்ணன்மேலும் அவர் மகள்மேலும் சுமத்திவிட்டது.

அந்த அண்ணன் நுரையீரல் கெட்டு அதே மருத்துவமனைக்கு வந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பின் தையற்காரர் ஜெபக்குழுவையும் அழைத்துக்கொண்டு போனார். தனியே போயிருக்கவேண்டும். போனதும் கட்டிலடியில் மண்டியிட்டார்.

“அண்ணே, மன்னிச்சிடுண்ணே. நான் புழு. என்னை மாதிரி பாவி உலகத்துலயே கிடையாது.”

உடன்வந்த அம்மையார் இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

அண்ணன் மூச்சுக்கவசத்தை விலக்கினார். “எழுந்திரிடா. உலகத்துப் பாவமெல்லாம் உனக்கெதுக்கு? ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்குக் குழிகிட்ட நீ சொன்னது நிஜமா, பொய்யா?”

“நான் எதுக்குமே லாயக்கில்லாதவன்ணே…”

“லாயக்கையா கேட்டேன்? இதோ எம்பொண்ணு நிக்கிறா. பெத்தவளைப் பாக்காதவன் மகள்னுதான் இன்னிக்கும் அவளைப் பேசறாங்க. நிஜமா, பொய்யா?”

தையற்காரர் நெற்றியைத் தரையில் பதித்தார். புழு என்றால் சூழ நிற்போர் உருகுவர். பொய்யன் என்றாலோ முகம் மாறும். அந்த முகமாற்றத்துக்கு அவர் அஞ்சினார்.

“சரி, போ,” என்று அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடியலில் தையற்காரர் தனியே ஓடினார். கட்டில் வெறுமையாய் இருந்தது.

அடக்கத்தன்று அவர் கடைசியில் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். புழு என்றோ தூசி என்றோ சொல்லவில்லை. “எங்கம்மாவைத் தினமும் குளிப்பாட்டினது எங்கண்ணன்தான். நான் சொன்னது பொய். அது பொய்னு பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல” என்றார்.

ஒருவர் முகமும் மாறவில்லை. போதகர் அவரை அணைத்துக்கொண்டார். “போதும் ஐயா. போனவரை உயர்த்தறதுக்காக இவ்வளவு தூரமா உங்களைத் தாழ்த்திக்கறது?”

“நிஜந்தாங்க, நானே கண்ணால பாத்தேன்” என்றாள் மனைவி.

“புருஷனுக்கேத்த பொண்டாட்டி” என்று பின்னால் ஒரு குரல் நெகிழ்ந்தது.

அண்ணன் மகள் அவர் கையைப் பிடிக்கவில்லை, தள்ளவுமில்லை. “விடுங்க சித்தப்பா. முந்தாநாள் கேட்டப்பவே சொல்லியிருந்தா அப்பாவாவது கேட்டிருப்பாரு. இப்ப உங்களைத்தான் புகழறாங்க” என்று கூறி நடந்தாள்.

அதன்பின் அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் புகழ் வளர்ந்தது. அண்ணன் பழி அங்கேயே கிடந்தது. இப்போது சொல்வதை நிறுத்திவிட்டார். ஆராதனைக்கும் வருவதில்லை.

உள்ளங்களை உள்ளபடி அறிந்த ஆண்டவரே, மனிதர் நம்ப மறுத்த அந்த மெய்யை நீர் நம்பியருளும். அவர் வீட்டுக் கதவு தட்டப்படும் நாளில் தட்டுவது அண்ணன் மகளின் கையாயிருக்கட்டும். அவ்வீட்டில் உறங்குவோர்க்கு உறக்கமும், உண்போர்க்குப் பசியும், அழுவோர்க்கு உம் அருகாமையும் குறைவின்றிக் கிடைப்பதாக.