வெள்ளையடித்த சனிக்கிழமை

எங்கள் மாடிப் பகுதிக்கு ஒரு யூதப் பெண்மணி குடிவந்ததைக் கரமனைத் தெரு பெரிதுபடுத்தாமல் விட்டதற்கு அவருடைய சாப்பாடுதான் காரணம். கொச்சிக்காரர்; இங்கே பள்ளியில் கணக்கு டீச்சர். உறவினர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட, அவர் மட்டும் போகவில்லை. தம் மதமுறைப்படி அறுத்த இறைச்சி இந்த ஊரில் கிடைக்காது என்பதால் அவர் இறைச்சியைத் தொடுவதில்லை. சைவமான எங்கள் வீட்டுக்காக மீன் சாப்பிடுவதையும் விட்டிருந்தார். அப்பா இரண்டையும் ஆசாரம் என்றே எடுத்துக்கொண்டு, "அவாளுக்கும் நம்மளை மாதிரி நிஷ்டை உண்டாக்கும்" என்று தெருவில் சொல்லிவந்தார்.

டீச்சரின் வாசல் நிலையில், வலப்பக்கம், சற்றுச் சாய்வாக விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கூடு அடித்திருக்கும். அதற்குள் அவர்களுடைய வேதத்தின் வரிகளை எழுதிய தோல் சுருள். வெளியே போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். சனிக்கிழமை அவர் அடுப்பு மூட்டமாட்டார், பேனா எடுக்கமாட்டார், பஸ் ஏறமாட்டார். அன்றைக்கு அம்மா என்னிடம் தயிர்சாதம் கொடுத்தனுப்புவாள்.

எங்கோ தொலைவில், இஸ்ரேல் பக்கம் நடந்த யுத்தம் தினமும் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த வாரம் அது. சனிக்கிழமை விடிந்தபோது மாடிப்படியை ஒட்டிய சுவரில் கரியால் பெரிய மலையாள எழுத்து இருந்தது. பித்தளைக் கூட்டைப் பெயர்த்து, கல்லால் நசுக்கிப் படியில் போட்டிருந்தார்கள். சுருள் கிழிந்து வெளியே கிடந்தது. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

டீச்சர் படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டார்.

"ஒண்ணும் தொடண்டா சாரே. இன்னைக்கு எனக்கு எழுத முடியாதல்லோ. சூரியன் அஸ்தமிச்சதும் நான் ஸ்டேஷன்ல போய் சொல்லறேன். அவா வந்து பார்க்கட்டும்."

"நீங்க கவலையே படவேண்டாம் டீச்சர். நாங்க இருக்கோம்" என்றார் அப்பா.

டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அப்பா நசுங்கிய கூட்டையும் சுருளையும் ஒரு வாழையிலையில் பொதிந்தார். பின்னமான சுவாமி சமாச்சாரம் வீட்டில் இருக்கக்கூடாது, ஓடும் தண்ணீரில் விடுவதுதான் மரியாதை என்று என்னிடம் விளக்கினார். செருப்பில்லாமல் கரமனை ஆற்றுக்குப் போய் விட்டுவிட்டு வந்தார். பிறகு சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்க ஆரம்பித்தார். அம்மா அடுக்களை ஜன்னலிலிருந்து, "ஏன்னா, தொடவேண்டாம்னாளே அவா" என்றாள். அப்பா திரும்பவில்லை.

மத்தியானம் தயிர்சாதத்தோடு மாடிக்குப் போனேன்.

"கீழே என்ன சத்தம் மோளே?"

"அப்பா சுவத்துக்கு வெள்ளை அடிக்கறார். உங்களுக்காகத்தான் டீச்சர். ஒடஞ்சதையும் பக்தியா ஆத்துல விட்டுட்டார்."

டீச்சர் என் கையிலிருந்து தட்டை வாங்கி மேஜையில் வைத்தார். ஜன்னல்வரை போய், கீழே பார்க்காமலே திரும்பினார். சாயங்காலம் தட்டை எடுக்கப் போனபோது சாதம் வைத்தபடியே இருந்தது. பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இருட்டியதும் அவர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஒரு போலீஸ்காரரை அழைத்து வந்தார். போலீஸ்காரர் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எழுத்து எவிடெ டீச்சரே? சுவரு கல்யாணவீடு போல வெளுத்திருக்கல்லோ." பிறகு அப்பாவிடம், "சாரு கண்டோ?" என்றார்.

"ஏதோ பசங்க கிறுக்கல். நான் சரியாப் பார்க்கலை" என்றார் அப்பா.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். போலீஸ்காரர் டார்ச்சை அணைத்தார்.

அப்போதுதான் அம்மா வாசலுக்கு வந்தாள். வேற்று ஆண்கள் முன்னால் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"நான் வாசிச்சேன். 'யூதச்சி, நாடு விட்டுப் போ'ன்னு கரியால எழுதியிருந்தது. அவா வாசல்ல இருந்த வேதத்தைக் கல்லால நசுக்கியிருந்தது. எழுதிக்கோங்கோ. எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நீ உள்ளே போ" என்றார் அப்பா. "பின்னமானது வீட்ல இருக்கப்படாதுன்னு தண்ணில விட்டேன். அதிலென்ன தப்பு?"

"நம்மாத்துப் பரண்ல கண்ணாடி ஒடஞ்ச படத்துல பிள்ளையார் ரெண்டு வருஷமா கெடக்கார். அவரைத் தண்ணில விட ஒருநாளும் உங்களுக்கு நாழி வரலியே!"

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். யாரும் பிடிபடவில்லை. கோடை விடுமுறையில் டீச்சர் பழவங்காடிப் பக்கம் கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குக் குடிபோனார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அம்மா தூக்குச்சட்டியோடு பஸ் ஏறினாள். எங்கே போகிறாள் என்று அப்பா கேட்டதில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்பைப் பற்றி, டீச்சருக்காகத் தாம் செய்த உதவியாகவே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அன்றிரவு அம்மா பேசியதில் எனக்குப் புரிந்தது பரண் ஒன்றுதான். மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறிப் பிள்ளையாரை எடுத்தேன். பாவாடையால் தூசி துடைத்து, செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்த அப்பாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"அப்பா, இவரையும் இன்னிக்கே விட்டுடலாமா?"

செய்தித்தாள் தாழவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கக் கேட்டேன்.