ஒன்பது பொன்னாடை

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் என் மனைவி எனக்கென்று ஒரே ஒரு தட்டுதான் ஒதுக்கியிருக்கிறாள். அதிலும் சட்டை, வேட்டி எதுவும் கிடையாது. எனக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறாள். காற்பந்துக் கோச்சுக்கு ஒரு கிளப்பில் சேரும்போது ஒன்று போர்த்துவார்கள், கழற்றிவிடும்போது ஒன்று போர்த்துவார்கள். போர்த்துகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சேரும்போது என் முகத்தைப் பார்த்துப் போர்த்துவார், அனுப்பும்போது போட்டோக்காரனைப் பார்த்துக்கொண்டு போர்த்துவார்.

இதை வைத்து அவள் ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள். எண்ணிப் பார்த்தால் ஒற்றைப்படை வந்தால் நான் வேலையில் இருக்கிறேன். இரட்டைப்படை என்றால் வீட்டில் இருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து அவள் அக்கா போன் பண்ணி, "அவருக்கு இப்போ எங்க?" என்று கேட்டால், "இரு அக்கா, எண்ணிப் பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்பாள். கிண்டல்தான். ஆனால் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகினதில்லை.

டிவியில் வருகிற கோச்சுகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டு, சூயிங்கம், பேட்டி எல்லாம் அவர்களுக்கு. நான் இருப்பது திருவனந்தபுரம் ஜில்லா லீக்கில், இரண்டாம் பிரிவில். எங்கள் ஆட்டத்துக்கு வருகிற கூட்டத்தை நடுவரே எண்ணிவிடலாம். முதல் கிளப்பில், கோல் அடிக்கத் தெரியாத டீம் என்று அனுப்பினார்கள். இரண்டாவது கிளப்பில் கோல் மேல் கோலாக அடித்தோம், வாங்கவும் செய்தோம், அதற்காக அனுப்பினார்கள். மூன்றாவது கிளப்பில் தலைவரின் பிறந்தநாளன்று தோற்றுவிட்டேன். அந்த மனிதருக்கு நாங்கள் ஜெயிக்கிற நாளாகப் பார்த்துப் பிறக்கத் தெரியவில்லை, தப்பு என்னுடையதாகிவிட்டது.

நாலாவதுதான் கரமனை ஆற்றை ஒட்டின கிளப். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மழை பெய்தால் பாதி மைதானம் ஆற்றுக்குச் சொந்தம், மீதிப் பாதியில் நாங்கள் பயிற்சி எடுப்போம். செயலாளர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாஞ்சில் நாட்டுத் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். தோற்றாலும் "போட்டே ஸாரே, அடுத்த களி பார்க்கலாம்" என்பார், போகட்டும், அடுத்த ஆட்டத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். அங்கே நாலு வருஷம் தாக்குப்பிடித்தேன். எங்கள் தொழிலில் நாலு வருஷம் என்றால் அது பென்ஷன் வாங்குகிற அளவுக்கு சர்வீஸ்.

அப்போதுதான் கழக்கூட்டத்திலிருந்து போன் வந்தது. அடுக்குமாடி வீடு கட்டி விற்கிற ஒருவர் அங்கே புதிதாக ஒரு கிளப் ஆரம்பித்திருந்தார். எங்கள் பிரிவில்தான் ஆடினார்கள், ஆனால் ஜெர்சியைப் பார்த்தால் வேறு உலகத்தில் ஆடுகிற மாதிரி இருந்தது. வரச் சொன்னார்கள். கண்ணாடி அறை. பத்தாவது மாடியில் உட்கார்ந்து, "உங்களுடைய ஃபிலாசஃபி என்ன?" என்று கேட்டார் தலைவர். பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவதுதான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "ப்ராசஸ்" என்றேன். எங்கேயோ கேட்ட வார்த்தை. மனுஷன் உருகிப்போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஸ்கூல் டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நல்லாத்தானே போயிட்டிருக்கு கரமனையில. இன்னும் எத்தனை துண்டு வேணும் ஒங்களுக்கு?"

"இது பெரிய இடம். முதல் பிரிவுக்குப் போகப்போற டீம். கையெழுத்துப் போட்டாச்சுன்னா நான் வேற லெவல்."

"செரி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா மறுபேச்சு கிடையாது. என் தம்பி கடையில போய் இருக்கணும்."

அவள் தம்பிக்கு சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. எனக்காக அங்கே ஒரு நாற்காலியை அவன் பத்து வருஷமாகக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறான். நல்ல பையன். அந்த நல்ல குணத்துக்குப் பயந்தே நான் அந்தத் தெருப் பக்கம் போகமாட்டேன். நான் விசில் ஊதத்தான் பிறந்தேன், குக்கர் விசில் விற்க இல்லை. தலையாட்டினேன்.

கழக்கூட்டத்துத் தலைவர் சும்மா கூப்பிடவில்லை. "உங்க சிஸ்டம் எங்களுக்கு அப்படியே வேணும். அதனால உங்க கோல்கீப்பர், அப்புறம் அந்த ரெண்டு டிஃபெண்டர், அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார். என் சிஸ்டத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் என்று புல்லரித்துப் போனேன். சீசன் பாதியில் ஆட்டக்காரன் கிளப் மாற ஒரே ஒரு வாரம்தான் அனுமதி. அதற்குப் பழைய கிளப் ரிலீஸ் லெட்டர் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் அசைய முடியாது.

கரமனைக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வழியனுப்புகிற நாளில், போகிறவன் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பழைய ஜெர்சி கேட்பான் ஒருத்தன், கோப்பையோடு நின்று போட்டோ எடுக்கணும் என்பான் இன்னொருத்தன். எனக்கு இது தெரியும். நாலு வருஷம் அங்கே பாயசம் குடித்தவன் நான்.

மூன்று லெட்டரையும் நானே என் கைப்பட எழுதினேன், கிளப்பின் லெட்டர்ஹெட்டிலேயே. எட்டாவது பொன்னாடையைப் போர்த்தி முடித்து, செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது நீட்டினேன். படித்தார். பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு பேரும் போனா பின்னே நமக்கு யாரு ஸாரே இருக்கா?"

"பசங்களோட பாவி... ஃப்யூச்சர், சேட்டா" என்றேன். மலையாளத்தில் எதிர்காலத்துக்கு 'பாவி' என்று பெயர், தமிழில் நாக்கு உளறின மாதிரி ஆகிவிட்டது, அதையும் சமாளித்துவிட்டேன்.

அவர் பேனாவை எடுத்தார். "இன்னிக்கு இல்லன்னு பறையக் கூடாது, அல்லே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கழக்கூட்டத்தில் ஒன்பதாவது பொன்னாடை. அதோடு கழுத்தில் தொங்கவிட ஒரு அடையாள அட்டை, பெயர் பொறித்த தண்ணீர் பாட்டில், கிளப் சின்னம் போட்ட காப்பிக் கோப்பை. அடேயப்பா, என்ன மரியாதை! திங்கட்கிழமை தோறும் மீட்டிங். பந்து எத்தனை நிமிஷம் யார் காலில் இருந்தது என்று கலர் கலராகப் படம் காட்டுவார்கள். எங்கள் காலில்தான் அதிக நேரம் இருந்தது. கோலுக்குள் போகிற அந்த ஒரு நொடி மட்டும் மற்றவர்கள் காலில் இருந்துவிடும். முதல் ஐந்து ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம், இரண்டு தோற்றோம், ஒன்று டிரா. இரண்டாம் பிரிவில் இதற்கு மோசமில்லை என்று பெயர். பத்தாவது மாடியில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் போல.

ஆட்டக்காரர்களை மாற்றுகிற வாரம் முடிந்த மறுநாளே தலைவரின் மருமகன் வந்து சேர்ந்திருந்தார். ஆன்லைனில் ஏதோ கோர்ஸ் முடித்திருந்தார். அவருக்கு 'ஹெட் ஆஃப் ஃபுட்பால்' என்று பதவி. அப்போதே எனக்கு உறைத்திருக்கணும். தலை வந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீம் ஒற்றுமைக்காக என்று மலைப்பக்கத்துக் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனார்கள். ஆற்றில் குளித்தோம், கரையோரக் கடையில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றோம். வழுக்குப் பாறை மேல் நின்று நான் ஹெடர் பயிற்சி கொடுத்தேன். மருமகன் என்னைத் தோளோடு அணைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். அங்கே யார் போனிலும் சிக்னல் கிடையாது. சாயங்காலம் பஸ் கீழே இறங்கி, வளைவுகள் முடிந்ததும் எல்லார் போனும் ஒன்றாகக் கத்தியது. என்னுடையதும் கத்தியது. பார்த்தேன். டீம் வாட்ஸாப் குரூப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். அதன் கீழே மருமகனிடமிருந்து தனியாக ஒரு செய்தி: உங்கள் பங்களிப்புக்கு நன்றி, அடையாள அட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் ஆபீசில் ஒப்படைக்கவும்.

அந்த மருமகன் அதே பஸ்ஸில், எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையெட்டுகிற தூரம். பின்மண்டை தெரிகிறது, திரும்பவே இல்லை. இறங்கிப் போகலாம் என்றால் நடுவழி. வேலையை விட்டு எடுத்த பிறகும், எடுத்தவரோடு அதே பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்த பெருமை இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

கோல்கீப்பர் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிற ஆள், தம்பானூரில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவன். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஸார், நீங்க போயிடுவீங்க. எங்க லெட்டரை நீங்கதானே எழுதினீங்க. இனி சீசன் முடியிற வரை நாங்க எங்கயும் போக முடியாதுல்ல?"

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்று ஆட்டக்காரர்கள். அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிற கூலியாளாகத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். சரக்கு இறங்கியாச்சு, வண்டியை அனுப்பியாச்சு. என் சிஸ்டமாம், மண்ணாங்கட்டி!

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அலமாரியைத் திறந்து எண்ணினாள். "ஒன்பதுதான் இருக்கு. கணக்குப்படி நீங்க இன்னும் வேலையில இருக்கீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கதவைச் சாத்தினாள். "தம்பிகிட்ட சொல்லட்டா?" என்று கேட்டாள். சீசன் முடியட்டும் என்று சொன்னேன். கரமனையில் திரும்பக் கூப்பிடமாட்டார்களா என்று ஒரு நப்பாசை, வேறென்ன.

கூப்பிடவில்லை. செயலாளர் தானே கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு டீமை நடத்தினார். மூன்று பேரும் இல்லாத டீம் தோற்றுக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டம் யாருடன் என்று நினைக்கிறீர்கள்? கழக்கூட்டத்துடன்தான். ஒரு பாயிண்ட் எடுத்தால் கரமனை தப்பிக்கும். தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்கணும்.

போகாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு கேலரியில் மூலையில் உட்கார்ந்தேன். கரமனை ஒரு கோல் பின்னால். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தது கரமனைக் கேப்டன். எதிரே கோலில் நிற்பது என் கோல்கீப்பர்.

இங்கே ஒன்று சொல்லணும். நாலு வருஷமும் பயிற்சி முடிந்த பிறகு இவர்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பத்துப் பத்துப் பெனால்டி அடிக்கவிடுவேன். கேப்டனுக்கு ஒரு பழக்கம். ஓடிவருவதற்கு முன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான் என்றால் பந்து கீப்பரின் வலப்பக்கம்தான் போகும். இதைக் கண்டுபிடித்து கீப்பரிடம் சொன்னேன். கேப்டனிடம் சொல்லவில்லை. ஒரே டீம்தானே, இவனிடம் சொல்லி எதற்குக் குழப்பணும் என்று விட்டுவிட்டேன்.

கேப்டன் குனிந்தான். காலுறையை இழுத்தான். டேய், இழுக்காதேடா என்று என் வாய்க்குள்ளேயே கத்தினேன். கீப்பர் வலப்பக்கம் பாய்ந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்தவன் குதிக்கவில்லை. பழைய கூட்டாளிகள் பக்கம் பார்க்காமல் பந்தை உதைத்து அனுப்பினான்.

ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது செயலாளர் படியேறி வந்தார். தொப்பி ஒன்றும் மறைக்கவில்லை போல. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

"அவனை நல்லாப் படிப்பிச்சிருக்கீங்க ஸாரே" என்றார்.

நான் கடலையை எடுத்துக்கொண்டேன். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மச்சினன் கடை வாசலில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தான். அந்தக் காலியான நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருந்தான். கடை ஆட்கள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். "அத்தான் பெரிய கோச்சு. சும்மா வந்து உட்கார வைக்கலாமா?" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தான். சரிகை போட்ட பொன்னாடை. அசல் சரக்கு, கிளப்பில் போர்த்துகிற பாலியஸ்டர் இல்லை. பிரித்து என் தோளில் போர்த்தினான். அவன் மனசில் ஒரு கள்ளமும் இல்லை.

என் மனைவி ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லிக் கொப்பரைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அத்தான், இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று மச்சினன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

ஒன்பது தடவை சிரித்துப் பழகின முகம். சொன்னதும் சிரித்துவிட்டது.