மீன் தட்டு வரைய நெய்யாற்றின்கரைக்குப் போனது

தகட்டுச் சாமானைக் கணினியில் வரையக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. கொல்லயிலில் எங்கள் தகட்டுப் பட்டறை. பொழியூரில் ஒருவர் மீன் பரப்பி விற்கப் பன்னிரண்டு தகட்டுத் தட்டு கேட்டிருந்தார். இது சரியாக வராவிட்டால் தகடு மடக்கும் மிஷினை விற்றுவிடலாம் என்று கொழுந்தன் சொல்லிவிட்டார். அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

பாறசாலையில் 8.40-க்கு பஸ். பத்து கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். அமரவிளையில் நெரிசல், நெய்யாற்றின்கரையில் இறங்கும்போது 9.20. ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை, மாடியில், எங்கள் பட்டறைக்குப் படம் வரைந்து தரும் ஷீபாவின் கடை.

இந்தப் பெயரை என் வீட்டுக்காரர் வாயால் பதினோரு வருடம் கேட்டிருக்கிறேன். ஷீபா வரைந்தால் நூல் பிசகாதாம். என் மீன்குழம்பைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. என்னைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள், அவள் விளக்கியதைப் புரிந்தவரை சொல்கிறேன். தட்டை ஒரு கட்டியாக வரைந்து, உள்ளே குடைந்து, பிறகு தகடாக மாற்றலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூலையில் இடைவெளி விடாவிட்டால், வெட்டுவதற்குத் தட்டையாக விரியாது. மடக்கி எடுக்கும் சாமானுக்கு, அடித்தகட்டில் தொடங்கி ஒவ்வொரு மடக்காகச் சேர்ப்பதே நல்லது. தண்ணீர் வடியும் குழி வேறு. அது அச்சில் அழுத்துவது, தகடு இழுபடும், மடக்குக் கணக்கு அதற்குச் செல்லாது. வெட்டும் படத்தில் அதன் நடுப்புள்ளி மட்டும் போதும் என்றாள்.

பிறகு, மடக்குக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அவரு உங்கிட்ட சொல்லலியா?" என்றேன்.

"எங்க சொன்னாரு. வீட்டில கேட்டுட்டு சொல்லுதேன்னு போவாரு, மறுநாள் போன்ல சொல்லுவாரு. எனக்கு எரிச்சலா வரும் அக்கா. படிச்சிட்டு வந்தவ நான், கணக்கு வீட்டிலயாக்கும்."

அவருக்குக் கண் மங்கல். மடக்கின துண்டை அளப்பது நான்தான். ஒரு மில்லித் தகட்டில் நூறு மில்லி நீளத்துக்குத் துண்டு வெட்டி, நடுவில் மடக்கி, இரண்டு பக்கத்தையும் வெளியே அளந்து கூட்டினால் எங்கள் மிஷினில் 101.8 வரும். அந்த 1.8-ஐக் கழிக்க வேண்டும். சொன்னேன். அவள் போட்டதும் தட்டு திரையில் பாய் மாதிரி விரிந்தது.

என்னிடம் அவளைப் புகழ்ந்திருக்கிறார், அவளிடம் என்னை. இரண்டு பேரும் எரிந்ததுதான் மிச்சம். நேரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மனுஷன். பதினோரு வருடம் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறாளே என்ற பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

போகிறவர்கள் உங்கள் மிஷினில் மடக்கிய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கணினியில் முன்பே இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு தட்டு மட்டும் முதலில் வெட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், மூலை நான்கும் சேர்ந்தன. மற்ற பதினொன்றையும் மடக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வாசல்வரை வந்து, முதல் தட்டின் மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மிஷினை விற்கும் பேச்சை எடுக்காமலே போனார்.