இங்கருக்கு எதிரே இருந்த யன்னல்

போன சனிக்கிழமை வீட்டு யன்னல் ஒன்றை அடைத்தோம். அடைத்த பிறகுதான் எனக்குப் பயமே பிடித்தது...

வைலே நகருக்கு வெளியே, கடலேரிப் பக்கமாகப் போன வருடம் ஒரு கோடை வீடு வாங்கினோம். முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு. எல்லாம் சரி — சமையலறை யன்னல் மட்டும் சரியில்லை.

அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு இங்கரின் குளியல் ஷவர். வெளியில்! இங்கே டெனிஷ்காரரின் கோடை வீடுகளில் அது சகஜம். எழுபது தாண்டிய இங்கர் காலையில் அங்கேதான் குளிப்பார். பிறந்த மேனியாக. குளித்தபடியே எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையும் காட்டுவார். தேத்தண்ணியும் கையுமாக நிற்கிற நான் என்ன செய்வது? நானும் காட்டுவேன். என் கணவர் பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்.

திரை போட்டுப் பார்த்தோம். இங்கர் திரைக்கும் கை காட்டினார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால், இந்த முறை எங்கள் தமிழ்ச் சபையின் ஜெபக்கூட்டம் எங்கள் கோடை வீட்டில் என்று முடிவாகிவிட்டது. பாஸ்டர் முதல் எல்லோரும் அந்தச் சமையலறையில்தானே வந்து நிற்பார்கள்?

"யன்னலைக் கழட்டிப்போட்டு மரம் வைச்சு அடைப்பம்" என்றார் கணவர்.

"மனுசி என்னப்பா நினைக்கும்? இந்தத் தெருவிலை எங்களோடை முகம் குடுத்துக் கதைக்கிற ஒரே ஆள் அவதான்."

"குளிர் காத்து வருதெண்டு சொல்லுவம்."

"யூன் மாசத்திலையோ?"

யன்னல் கழன்றது. மனுசன் மரங்களை அறுத்து, ஈர்க்கு நுழையவும் இடமில்லாமல் இறுக்கி ஸ்க்ரூ பூட்டத் தொடங்கிவிட்டார். ஊர்க் கல்வீட்டுப் பழக்கம்! எனக்கு ஏதோ உறுத்தியது. யூடியூப்பைப் பார்த்தால்... மரவீடு காயக் காயக் கீழே இறங்குமாம். இப்படி இறுக்கினால் மேல்மரங்கள் இறங்க வழியில்லாமல் அந்தரத்தில் நிற்கும், இடுக்கால் மழைத் தண்ணீர் போகும். மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, பஞ்சு அடைத்து, பலகையால் மறைக்கவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்தார்.

கடைசி மரம் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலியைக் கொஞ்சம் மற்றவர் காணிக்குள் அரக்கினதற்கே ஆயுள் முழுக்கக் கதை பேச்சில்லாமல் இருக்கிற இனம் நாங்கள். இது அந்த மனுசியின் முகத்துக்கு நேரே யன்னலை அடைத்த வேலை! அவசரமாக வடை சுட்டேன். குளிர் காற்றுப் பொய்யையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

இங்கர் வடையைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக எங்கள் சுவரைப் பார்த்தார். நான், "குளிர் காத்து..." என்று தொடங்க, அப்படியே கட்டிப்பிடித்துவிட்டார். அவர் டெனிஷில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இதுதான்:

"அப்பாடா! எனக்கும் வெக்கம்தான். நீங்கள் வந்த உடனை ஒரு மறைப்புப் போடத்தான் நினைச்சனான். வேறை நாட்டு ஆக்களைக் கண்டிட்டு வேலி போட்டிட்டாள் எண்டு நினைச்சிடுவியளோ எண்டு பயந்திட்டன். அதுதான் ஒவ்வொரு நாளும் கை காட்டிக்கொண்டு நிண்டனான்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இரண்டு பேரும் படியில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று ஒரு வருடமாக இரண்டு பேரும் விருப்பமில்லாமல் கை காட்டியிருக்கிறோம்! இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் காட்டிக்கொண்டு நிற்கிறார்களோ?

ஞாயிறு ஜெபக்கூட்டம். பாட்டு நடுவில் கதவு தட்டும் சத்தம். பாஸ்டர்தான் திறந்தார். வாசலில் இங்கர் — தலை ஈரம், கையில் ஸ்ட்ரோபெரி, உடம்பில் ஒரே ஒரு துவாய். "இனி எங்களுக்குள்ளை என்ன வெக்கம்? உங்கடை ஆக்களைப் பாக்க வந்தனான்!"

எனக்கென்றால் சந்தோசம் தாங்கமுடியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

கணவர்தான் பின்னால் நின்று முணுமுணுத்தார்: "யன்னல் எண்டால் கொஞ்சம் தூரமாவது இருந்தது!"