கடைசி பஸ்காரிகளுக்குச் சொன்ன முடிவு

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு ஒரு கதையா என்று கேட்பீர்கள். ஏன், இருக்கக் கூடாதா? தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டினதும், வயல் ஓரத்தில் அந்த டூரிங் கொட்டகை இருந்தது. ஆண்கள் வாசலில் யார் நின்றார் என்று இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகமில்லை. பெண்கள் வாசலில் நின்ற உலகம்மாளைச் சுத்துப்பட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அறிவார்கள்.

கொட்டகைக்குக் கீற்று வேய்ந்த அவள் புருஷன் காய்ச்சலில் போன பிறகு, முதலாளி அந்த வாசலை அவளுக்குக் கொடுத்தார். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாசலுக்கு வருகிறவளெல்லாம் அவளுக்கு மதினி, தங்கச்சி, மகள்.

படம் இருட்டின பிறகுதான் தொடங்கும். ஆய்க்குடிக்குப் போகிற கடைசி பஸ்ஸோ படம் முடிகிறவரை காத்திருக்காது. அந்தப் பக்கத்துப் பெண்கள் முக்கால் படத்தோடு எழுந்து, சேலையில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "முடிவு என்ன மதினி?" என்று ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்தபடி கேட்பார்கள். உலகம்மாள் மிச்சக் கதையை பஸ் வருவதற்குள் சொல்லி அனுப்புவாள்.

ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். ஒரு தடவை, பிள்ளை செத்துப்போகிற முடிவைக் கைப்பிள்ளைக்காரி ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். அடுத்த படத்துக்கு வந்தபோது அவள், "நீங்க சொன்னதக் கேட்டுட்டுப் போயி, விடிய விடிய இவன் மூக்குல வெரல வச்சிப் பாத்துக்கிட்டே கெடந்தேன்க்கா, மூச்சு வருதா வருதான்னு" என்றாள். உலகம்மாளுக்கு மனசு ஆறவே இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பொய் சொல்லி ஒருத்தியைத் தூங்க வைத்தால் என்ன குற்றம்? அன்றிலிருந்து கடைசி பஸ்காரிகளின் படங்களில் செத்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன, குடிகாரர்கள் திருந்தினார்கள், ஓடிப்போனவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். முழுப் படமும் பார்க்கிற பெண்கள் அழுதுகொண்டு போவார்கள், பாதியில் போனவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஐம்பத்தெட்டிலோ ஒன்பதிலோ, சாரல் அடிக்கிற ஆனி மாதத்தில் ஒரு படம் வந்தது. புருஷன் அடி தாங்காமல் ஒருத்தி தாய்வீட்டுக்கு வருவாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று தாய் அவளைப் பலகாரத்தோடு திரும்பக் கொண்டுபோய் விடுவாள். அவள் மறுபடி வருவாள், தாய் மறுபடி கொண்டுபோய் விடுவாள். கடைசியில் அவன் அவளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போவான்.

சிற்றாற்றுப் படித்துறையில் துணி துவைக்கிற சத்தத்தையும் மீறி அந்த முடிவைப் பற்றி வழக்கு நடந்தது.

"அவனத் தூக்குல போட்டாதான் படம் முடிஞ்சதா அர்த்தம். ஜெயில்ல வச்சி சோறு போடுதானுவளே" என்றாள் ஒருத்தி.

"காசு குடுத்து அழவா போறோம்? நல்லபடியா முடிச்சா படம் எடுத்தவன் என்ன கொறஞ்சா போயிருவான்?" என்றாள் இன்னொருத்தி.

உலகம்மாளின் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி துவைப்பதை நிறுத்தினாள். புருஷன் நெய்கிற துண்டுகளைத் தலைச்சுமையாக ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவள் அவள். "அவன் கொன்னான், சரி. திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போயி விட்டவ யாரு? அவளுக்குத் தண்டன இல்லியா?"

"பெத்தவ என்ன செய்வா? ஊரு வாய மூட முடியுமா?"

உலகம்மாள் துணியை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். நல்லபடியாக முடித்திருக்கலாம் என்றவள் பக்கம்தான் அவள் மனசு.

அந்தப் படத்துக்கு ஆய்க்குடியிலிருந்து இராமலட்சுமி தன் மகள் குழல்வாய்மொழியோடு வந்திருந்தாள். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள். பஸ்ஸுக்கு எழுந்து வந்தபோது தாய் அவசரமாகக் கேட்டாள், "அவன் திருந்திருதானா மதினி?"

"திருந்தாம? கால்ல விழுந்து அழுது கூட்டிட்டுப் போயிருதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காவ" என்றாள் உலகம்மாள், வழக்கம்போல. மகள் சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தாள். சாரலுக்குப் போர்த்தியிருக்கிறாள் என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து ஆய்க்குடியில் துண்டு விற்றுவிட்டு வந்த ஹாஜரா பீவி, சுமையை இறக்காமலே உலகம்மாள் வீட்டு வாசலில் நின்றாள்.

"யக்கா, இராமலட்சுமி மக புருஷங்கிட்ட அடி வாங்கிட்டு வந்து கெடக்கா. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. நாளைக்கிக் கொண்டு விடப் போறாளாம். 'படத்துலயே திருந்திட்டான், இவன் திருந்த மாட்டானா'ன்னு தெருப்பூரா சொல்லுதா. அவன் கொன்னுட்டான்லான்னு நான் சொன்னேன். 'தெனமும் வாசல்ல நிக்கவளுக்குத் தெரியுமா, ஒரு நாள் பாத்த ஒனக்குத் தெரியுமா'ன்னு என்னையக் கேக்கா. நீ என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

உலகம்மாள் அவள் சுமையைப் பிடித்து இறக்கினாள். அன்றைக்குக் கொட்டகை வாசலில் ஹாஜராவை நிற்கச் சொல்லிவிட்டு, ஆய்க்குடி பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் அந்தப் பெண் தோளை மூடியிருந்த விதம்தான் கண்ணுக்குள் நின்றது. பாவி, பார்த்தேனே, பார்த்தும் கேட்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இராமலட்சுமி அடுக்களையில் முறுக்கு சுட்டுத் தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சுவரோரம் உட்கார்ந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நான் சொன்னது பொய்யி" என்றாள் உலகம்மாள், நின்ற நிலையிலேயே. "அவன் திருந்தல. அவளக் கெணத்துல தள்ளிக் கொன்னுட்டான்."

இராமலட்சுமி நிமிரவில்லை. "சினிமாக்காரன் ஆயிரம் எடுப்பான். அதுக்காவ மகள வீட்டோட வச்சிக்கிட முடியுமா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"படத்துல அந்தத் தாயும் இதத்தான் சொன்னா."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. குழல்வாய்மொழி மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

"அவ செத்தப்பொறவு அவ அம்ம அழுதாளாக்கா?"

உலகம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "அழுதாட்டி. மார்ல அடிச்சிக்கிட்டு அழுதா. அழுது என்ன செய்ய?"

இராமலட்சுமி அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. படத்துல அவன் கண்ணப் பாத்தப்பமே திருந்த மாட்டான்னு தெரிஞ்சிபோச்சி. நீ எல்லாருக்கும் நல்லதாத்தான் சொல்லுவேன்னும் தெரியும். திருந்திட்டான்னு யாராவது ஒருத்தி வாயால கேட்டுட்டா, மனசக் கல்லாக்கிக் கொண்டு விட்டுரலாம்னுதான் ஒங்கிட்ட கேட்டேன்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். அழுதபடியே டப்பாவைத் திறந்து, சம்பந்தி வீட்டுக்கென்று அடுக்கின முறுக்கில் ஒன்றை எடுத்து மகள் கையில் வைத்தாள். "தின்னு குழலு. எல்லாம் ஒனக்குத்தான்." அந்தப் பெண் அதைத் தின்னவும் முடியாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல், தாயின் தோளில் சாய்ந்துகொண்டது.

புருஷன்காரன் ஆள் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தான். இராமலட்சுமி வாசலை விட்டு நகரவில்லை. ஊர் பேசத்தான் செய்தது. பேசிப் பேசி அதற்கும் வாய் வலித்தது.

உலகம்மாள் அதற்குப் பிறகு முடிவை மாற்றவில்லை. கைப்பிள்ளைக்காரி கேட்டால் மட்டும், "அடுத்த தடவ நீயே இருந்து பாரு" என்று மழுப்பி அனுப்பிவிடுவாள்.

மறு வருஷச் சாரலில் தாயும் மகளும் மறுபடி கொட்டகைக்கு வந்தார்கள். குழல்வாய்மொழி தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கைத் தழும்பை மறைக்கவில்லை. முக்கால் படத்தில் ஆய்க்குடிப் பெண்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் எழவில்லை. உலகம்மாள் பதறிப்போய் உள்ளே வந்து, "மதினி, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

"போவட்டும்" என்றாள் இராமலட்சுமி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "முடிவப் பாத்துட்டு ஒன் வீட்டுல படுத்துக்கிடுதோம்."

உலகம்மாள் வாசலை அப்படியே விட்டுவிட்டு, குழல்வாய்மொழிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.