புல்லுக்குக் கட்டிங் ஆர்டர்

வடக்கனந்தல் தெய்வசிகாமணிக்குக் கரும்பு என்றால் உயிர். முப்பது வருஷமாக ஒன்றரை ஏக்கரில் வேறெதையும் நட்டதில்லை. உழைப்பது இவர், வெட்டுவதற்கு மட்டும் சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது ஆடி அசைந்து வருவதற்குள் சில வருஷம் கரும்பு பூத்தே போய்விடும். இவர் கல்யாணத்தையே ஆர்டர் வரவில்லை என்று இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள்.

அப்படிக் காத்திருந்து கட்டிக்கொண்ட பூமாலைக்குக் கரும்பின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. காதுத் தோட்டை விற்று ஒரு செவலைப் பசு வாங்கினாள். கல்வராயன் மலையிலிருந்து செல்லன் என்கிற பழக்கக்காரர் கோ நாலு ரகத் தீவனப்புல்லை நடுவதற்கான கரணைத் துண்டுகளாகக் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றோரம் இருபது சென்டில் நட்டாள். செல்லன் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒன்று, முற்றவிட்டால் மாடு சீந்தாது.

கரும்பு போலவே கணுவிட்ட கரணையைக் கண்டதும் தெய்வசிகாமணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. மண் அணைத்தார், காய்ந்த சோகை இலைகளை உரித்தார், சாயாமல் கட்டுப் போட்டார். எழுபத்தைந்தாம் நாள் அரிவாளோடு வந்த பூமாலையைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்து, விளையட்டும் என்று திருப்பி அனுப்பினார். ஐந்தாம் மாதம் புல் பன்னிரண்டு அடி நின்றது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, என்ன ரகக் கரும்பு என்று கேட்டார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாய்ந்ததை மட்டும் மாட்டுக்குப் போட்டார். அது நுனியைக் கடித்துவிட்டுத் தட்டையைத் தொட்டியிலேயே விட்டது. எட்டு லிட்டர் பால் மூன்றுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று பூமாலை சொல்லிவிட்டாள். தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் குளிப்பாட்டும்போது அவர் கழுத்தை நக்கிக் கொடுக்கிற மாடு அது.

ஆனாலும் வீம்பு விடுமா? புல்லில் குறையில்லை, மாட்டுக்குத்தான் கொழுப்பு என்றார். சனிக்கிழமை காலை பூமாலை முன்னாலேயே ஒரு தட்டையை ஒடித்து, கரும்பைக் கடிப்பதுபோல் கடித்து இழுத்தார். சாறு வரவில்லை. முன்பல் வந்தது.

பூமாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செவலை தொட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"இது நம்ம புல்லு. இதுக்கு எந்த மில்லு ஆர்டர் குடுக்கும்னு காத்துகினு கீறீங்க?"

அவர் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரிவாளை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் இருபது சென்டும் மொட்டை. நுனித் தழையெல்லாம் மாட்டுக்கு, தட்டையெல்லாம் அடுப்புக்கு. மறுநாள் வந்த தரகருக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

வேரிலிருந்து துளிர் கிளம்பியது. நாற்பத்தைந்தாம் நாள் விடியும்போதே அவர் வயலில் நின்றார். இடுப்புயரப் புல்லில் ஒரு கைப்பிடி அறுத்துத் தொட்டியில் போட்டார். செவலை தொட்டியின் அடிவரை துழாவித் தின்றது. தின்றுவிட்டு, இன்னும் எங்கே என்று அவரைப் பார்த்தது.

முப்பது வருஷத்தில் நாள் தவறாமல் அவர் அறுத்த முதல் பயிர் அதுதான். யாரையும் கேட்கவில்லை.