மாப்பிள்ளைக்கு வாலாகப் பறந்தவர்

தங்கையைக் கொடுத்த இடம் நல்ல இடம் என்றுதான் அவரும் நினைத்தார். மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்ததே அவர்தானே. இருவரும் ஒரே படைப்பிரிவில் போர் விமானம் ஓட்டினார்கள். மாப்பிள்ளை பதவியில் ஒரு படி மேல். விமானங்கள் ஜோடி ஜோடியாகத்தான் கிளம்பும். முன்னால் போகிறவர் தாக்குவார். பின்னால் வருகிறவர் அவர் முதுகைக் காப்பார். மாப்பிள்ளை முன்னால், இவர் பின்னால். அதனால் கூட்டாளிகள் இவருக்கு வைத்த பெயர் வால்.

"தரையில நான் மாப்பிள்ளை, நீ மரியாதை பண்ணணும். மேல போனா நான் ஆபீசர், அப்பவும் நீதான் பண்ணணும்" என்று மாப்பிள்ளை சீண்டுவார்.

"எல்லாம் நான் தேடிக்கிட்ட வினை, மாப்பிள்ளை."

எல்லோருக்கும் கேட்கிற ரேடியோவில் இப்படிப் பேச முடியுமா? தளத்தில் யாரும் கேட்காத இன்னொரு அலைவரிசையை இருவரும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். விதிப்படி தப்பு. பொண்ணு கொடுத்தவனுக்கும் எடுத்தவனுக்கும் பேச ஆயிரம் இருக்குமே என்று மேலதிகாரிகளும் விட்டுவிட்டார்கள்.

போரின் நடுவில் ஒரு காலை, எல்லையைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் குரல் அந்த அலைவரிசையில்தான் வந்தது.

"மச்சான், இப்ப வளையும்போது பார்த்தேன். உன் எஞ்சின்ல புகை. நீ வீட்டுக்குப் போ."

"உங்க முதுகை யாரு பாக்குறது?"

"ஆர்டர்யா. போ."

ஒருவர் திரும்பினால் இருவரும் திரும்ப வேண்டும் என்பது சட்டம். மாப்பிள்ளை திரும்பவில்லை. தனியாகப் போய் ஒரு பாலத்தைத் தகர்த்து, எரிந்த இறக்கையோடு தப்பி வந்தார். வாலின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்தார்கள்.

விசாரணையில் வால் நடந்ததைச் சொன்னார். "அவர்தான் போகச் சொன்னார்." மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் மேஜையைப் பார்த்தபடி, "நான் எதுவும் சொல்லலை. திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம்" என்றார்.

மாப்பிள்ளைக்குப் பதக்கம். வாலுக்கு இனி விமானம் கிடையாது. அப்பா அவரோடு பேச்சை நிறுத்தினார். ஒரே மேஜையில் சாப்பிடுவதையும் நிறுத்தினார். அப்படியே போயும் சேர்ந்தார். பொய்யை உடைக்க இன்னும் முட்டி மோதியிருக்கலாம். தங்கை அப்போது பிள்ளைத்தாச்சி. அவள் புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரியவே கூடாது என்று வால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். "சார், நீங்க ஏரோப்ளேன் ஓட்டினவராமே?" என்று கேட்பவர்களுக்கு, "ஆமா, அதுல ஹாரன் கிடையாது. இதுல இருக்கு, அடிங்க" என்பார். முதுகுக்குப் பின்னால், "விட்டுட்டு ஓடி வந்தவர்" என்பதும் காதில் விழும். ஒரே ஒரு நாள் மாப்பிள்ளை வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று காத்திருந்தார்.

மாப்பிள்ளை ஓய்வு பெற்ற அன்று தங்கை வீட்டில் விருந்து. வந்தவர்கள் போனபின் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

"மச்சான், அன்னைக்கு உன் எஞ்சின்ல புகையே இல்லை" என்றார் மாப்பிள்ளை. "அண்ணனைப் பத்திரமா அனுப்பிடுங்கன்னு இவ சத்தியம் வாங்கியிருந்தா. அதைப் போய் விசாரணையில சொல்ல முடியுமா? என் வேலை போயிருக்கும்."

வால் தங்கையைப் பார்த்தார். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உன் உசுரு தப்பிச்சுதேண்ணே."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா அவர் சும்மா இருப்பாரா? ஊரையே கூட்டியிருப்பார். அப்புறம் இவர் கதி?" அவள் சோற்றுக் கரண்டியை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் போடவா?"

வால் எழுந்து கை கழுவினார். பிறகு செருப்பை மாட்டினார்.

"நான் கொண்டுபோய் விடறேன் மச்சான்" என்று மாப்பிள்ளை கார் சாவியோடு வாசல் வரை வந்தார்.

"வேண்டாம். இனிமே என்னை எங்கயும் அனுப்பாதீங்க."